கொம்பில் மஞ்சள் பூசிய கிடா

போன மாதம் பென்ஷன் வேலையாக மதுரைக்குப் போன இடத்தில், அப்படியே எங்கள் பழைய மாட்டாஸ்பத்திரிக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். இப்போது இருக்கிற பையன்கள் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே ஐஸ், ஐஸுக்கு நடுவில் சுண்டுவிரல் தண்டிக்குக் கண்ணாடிக் குப்பிகள். வெக்கை நோய்க்குத் தடுப்பு மருந்தாம். "ஒங்க காலத்துல இத எதுல வச்சிருந்தீங்க ஐயா?" என்று கேட்டார்கள். "ஆட்டுல" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று புரியவைப்பதற்குள் எனக்குக் கோபமே வந்துவிட்டது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெக்கை என்றால் இன்றைக்குப் பலருக்குப் பெயர்கூடத் தெரியாது. ஒரு தொழுவத்தில் நுழைந்தால் ஊர் மாடு அத்தனையையும் சாய்த்துவிட்டுத்தான் போகும். வாயெல்லாம் புண், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, நிற்காத கழிச்சல், ஒரு வாரத்தில் உழவுமாடு மண்ணில். இதற்கு ஒரு தடுப்பு ஊசி முப்பதுகளில் எங்கள் கைக்கு வந்தது. நோயின் விஷத்தை ஆட்டுக்கு ஏற்றி ஏற்றிச் சாதுவாக்கியிருந்தார்கள். அந்த விஷம் ஏறிய ஆட்டுக்கு நாலாம் நாள் காய்ச்சல் உச்சிக்குப் போகும். அந்த நேரத்தில் கழுத்து நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, மாட்டுக்கு ஊசியாகப் போட்டால் மாடு லேசாகச் சுணங்கி எழுந்துவிடும், பிறகு வெக்கை அதை அண்டாது. ஐஸ் வாங்கி வந்தால் மேலூர் போவதற்குள் தண்ணீராகிவிடும். ஆடு உருகாது. மருந்தை நாலு காலில் நடத்திக்கொண்டே ஊருக்கு ஊர் போனோம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

எனக்குச் சொந்த ஊர் விளாங்குடி. வீட்டில் நாலு ஏர் மாடு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, காம்பவுண்டராகச் சேர்ந்தேன். பயிற்சி என்று சொல்லிக்கொள்ள ஆறு மாதம் சீசா கழுவினேன், ஆறு மாதம் மாட்டிடம் உதை வாங்கினேன், அவ்வளவுதான். வேலையைக் கற்றுக்கொண்டது டாக்டர் ஞானப்பிரகாசம் வந்த பிறகு.

ஒல்லியான மனுஷர். கதர்ச் சட்டையில் ஒரு கறை பார்க்க முடியாது, எருவில் நின்றாலும் அப்படித்தான். என்னை விடப் பதினைந்து வயது பெரியவர், மேலதிகாரி, ஆனாலும் "வாங்க, போங்க" தவிர வேறு பேசியதில்லை. ஆடு ஓட்டுகிறவர்களுக்கும் அதே மரியாதைதான். சத்தம் போட மாட்டார். சத்தம் போட்டுவிட்டால் தேவலை என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது. தப்புச் செய்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைப்பார். அது போதும், நாமே போய்த் திருத்திவிட்டு வருவோம்.

எங்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மதுரையிலிருந்து கொழும்புக்கு ஆடு போகும். ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பல். அதற்கு முன்னால் வைகைக் கரையில் ஒரு பட்டியில் ஆடுகளை அடைத்து வைத்துப் பத்து நாள் பார்த்து, நோய் இல்லை என்று டாக்டர் சர்டிபிகேட் எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் ஓர் ஆடு கடல் தாண்ட முடியாது. வேறு ஊர்களில் மேசையிலிருந்தே எழுதிக் கொடுத்தார்கள் என்று கேள்வி. எங்கள் டாக்டர் பட்டிக்கு வருவார். வந்ததும் எதையும் தொட மாட்டார். வேலிக்கு வெளியே கால்மணி நேரம் சும்மா நிற்பார். எது தீவனத்துக்கு முந்துகிறது, எது ஒதுங்கி நிற்கிறது, எது இருமுகிறது, எதன் புழுக்கை இளகியிருக்கிறது, எல்லாம் நின்ற இடத்திலிருந்தே பார்ப்பார். நாம கிட்டப் போனா ஆடு நமக்காக நடிக்கும், தள்ளி நின்னாத்தான் அது ஆடா இருக்கும் என்பார். அப்புறம்தான் உள்ளே போய், கண் இமையை மடக்கி, உதட்டைத் தூக்கி, தெர்மாமீட்டரை உதறி, எண்ணெய் தொட்டு வைப்பார். தெர்மாமீட்டர் வாலில் ஒரு நூல், நூல் முனையில் ஒரு கிளிப். கிளிப்பை ஆட்டு வால் மயிரில் மாட்டிவிட்டால் ஆடு துள்ளினாலும் கண்ணாடி கீழே விழாது. காய்ச்சல் பார்ப்பது வெயில் ஏறுவதற்கு முன்னால்தான். மதுரை வெயிலில் பத்து மணிக்குப் பார்த்தால் எல்லா ஆட்டுக்கும் காய்ச்சல்தான், பார்க்கிறவனுக்கும் காய்ச்சல்தான்.

நான் சொல்ல வந்தது யுத்தத்துக்கு முந்தின ஒரு சித்திரை மாதக் கதை.

மஸ்தான் ராவுத்தர் என்று சிம்மக்கல்லில் ஒரு ஆட்டு வியாபாரி. வேறொரு பெரிய ஏற்றுமதிக்காரருக்கு இருபது வருஷம் ஆடு பிடித்துக் கொடுத்துவிட்டு, அந்த வருஷம்தான் முதல் தடவையாகத் தன் பேரிலேயே கொழும்புக்கு லாட் கட்டினார். பெருநாளுக்குப் போய்ச் சேரவேண்டிய இருநூற்று நாற்பது கிடா. வெள்ளிக்கிழமை மத்தியான ரயிலுக்கு வேகன் சொல்லியாகிவிட்டது. அந்த ரயிலை விட்டால் பெருநாள் போய்விடும், பெருநாள் போனால் கொழும்புக்காரர் இனி அவரை நம்பி வாங்க மாட்டார். "காம்பவுண்டரே, இந்த ஒரு லாட்டு மட்டும் கரையேறட்டும், எம் பேரு கொழும்புல நிக்கும்" என்று தினமும் சொல்வார். பட்டியில் இருந்த நாட்களில் அவரே வந்து தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவார். அம்புட்டு ஆசை அந்த மனுஷனுக்கு.

அதே வாரம் மேலூர்ப் பக்கம் வெக்கை தலைகாட்டியது. திருவாதவூர் மாடுகளுக்கு ஊசி போட, திங்கட்கிழமை டாக்டர் ஒரு கறுப்புக் கிடாவுக்கு விஷம் ஏற்றினார். வெள்ளிக்கிழமை அதன் ரத்தம் எடுப்பதாக ஏற்பாடு. அடையாளத்துக்கு இரண்டு கொம்பிலும் மஞ்சள் சாயம், கழுத்தில் தகர வில்லை. பட்டிக்குப் பக்கத்திலேயே எங்கள் தகரக் கொட்டகை. அதற்குள் பூட்டித்தான் வைக்கவேண்டும், வெளியே விடக்கூடாது என்பது சட்டம்.

புதன்கிழமை மத்தியானம் நான் கொட்டகையைத் திறந்தேன். உள்ளே அடுப்பு. கிடா நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கிறது. பாவமாக இருந்தது. ஒரு மணி நேரம்தானே என்று வெளியே புங்கமரத்து நிழலில் கட்டி, முன்னால் அகத்திக் கட்டு ஒன்றைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் முளைக்குச்சி இருக்கிறது, கயிறு இருக்கிறது, கயிற்றில் தகர வில்லையும் இருக்கிறது. கிடாவைக் காணோம்.

பட்டிக்குள் ஓடினேன். எண்ணினேன். இருநூற்று நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். அதேதான். சரி, மஞ்சள் கொம்பைப் பார்த்துப் பிடித்துவிடலாம் என்று நிமிர்ந்தால், ராவுத்தரின் ஆட்கள் அந்த மூலையில் தார் டப்பாவைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். ரயிலேறுகிற லாட்டுக்குக் கொம்பில் தார் பூசுவது வியாபாரிகள் வழக்கம். அத்தனைக்கும் பூசி முடித்துவிட்டார்கள். இருநூற்று நாற்பத்தொரு கறுப்புக் கொம்பு ஜோடி என்னைப் பார்க்கிறது. மண்ணெண்ணெய்த் துணியால் நாலைந்து கொம்பைத் துடைத்துப் பார்த்தேன். தாரோடு சேர்த்து எல்லாச் சாயமும் வந்துவிடும் போலிருந்தது. ஊசி போட்ட இடம் தொடையில் புள்ளி அளவு, ஆறியும் போயிருக்கும். கிடாவோ சந்தைக் கிடா, லாட்டும் முழுக்கக் கறுப்பு, அதே சந்தையில் வாங்கிய மற்றக் கிடாக்களோடு நின்றால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

அப்போது செய்ததைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. ஏறக்குறைய அதே உருவத்தில் ஒரு கறுப்புக் கிடாவைப் பிடித்தேன். கொம்புத் தாரைத் துடைத்து மஞ்சள் பூசி, தகர வில்லையைக் கட்டி, கொட்டகைக்குள் விட்டுப் பூட்டினேன். பட்டியில் இருநூற்று நாற்பது. கொட்டகையில் ஒன்று. எல்லாம் சரி. யாருக்கும் தெரியாது. கல்யாணமாகி எட்டு மாதம், வேலை போனால் மாமனார் முகத்தில் எப்படி முழிப்பது என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை காலையில் டாக்டர் கொட்டகைக்கு வந்து அந்தக் கிடாவுக்குக் காய்ச்சல் பார்த்தார். "நூத்தி ரெண்டரை, ஆட்டுக்கு இது சாதாரணம். இன்னும் ஏறல, சரிதான். நாளைக்கு ஏறிடும்" என்று குறித்துக்கொண்டார். பிறகு, "திருவாதவூர்ல எண்பது மாட்டுக்குச் சொல்லி வச்சிருக்கேன். பாவம், நம்மளத்தான் நம்பியிருக்காங்க" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விஷம் இல்லாத கிடாவின் வெறும் ரத்தத்தை எண்பது மாட்டுக்கும் ஏற்றுவோம். ஊசி போட்டாச்சு என்று சம்சாரி நிம்மதியாக இருப்பான். அடுத்த வாரம் வெக்கை வந்து அத்தனையையும் வாரிக்கொண்டு போகும். இந்தப் பக்கம் விஷக் கிடா கப்பலேறி, வெக்கை என்றால் என்னவென்றே தெரியாத யாரோ ஒருவன் தொழுவத்துக்குப் பக்கத்தில் போய் இறங்கும். நான் மறைத்தது ஒரு கிடாவை இல்லை என்று புரிந்தது. அங்கேயே எரு மேல் உட்கார்ந்து, "சார், இது அது இல்ல சார்" என்று அழுதுவிட்டேன்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். "எத்தன மணிக்கு வெளிய கட்டுனீங்க? எத்தன மணிக்குக் காணோம்?" இவ்வளவுதான் கேட்டார். பிறகு, "எந்திரிங்க. ராவுத்தர்கிட்ட நான்தான் சொல்லணும். நீங்களும் வாங்க" என்று நடக்க ஆரம்பித்தார்.

சிம்மக்கல் கடையில் ராவுத்தர் உட்காரச் சொல்லி நாற்காலியை எடுத்துப் போட்டார். டாக்டர் உட்காரவில்லை. நின்றபடியே, "தப்பு எங்க பக்கம். ஒங்க லாட்டுக்குள்ள எங்க வெக்கைக் கிடா ஒண்ணு நிக்குது. எதுன்னு தெரியல. தெரியாம நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

ராவுத்தருக்கு முகம் செத்துவிட்டது. "என்னங்க டாக்டரே இது! நாளைக்கு ரயிலுங்க! ஒரு ஆட்டுக்காக இருநூத்தி நாப்பத நிறுத்துவீகளா? எல்லாம் அங்கிட்டுப் போயி அறுக்குற ஆடுதானே!"

"அறுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் நிக்கும்ல ராவுத்தரே. பக்கத்துல மாடு நிக்கும். ஊசியில போனா இது சாது. தானா ஒட்டுனா என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது. எந்தப் புஸ்தகத்துலயும் அடிச்சுச் சொல்லல. தெரியாததுக்கு எப்படி நான் தெரியும்னு எழுதுறது?"

அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் பின்னாலிருந்து கருப்பணன் வந்தார். ராவுத்தருக்காக ஆடு ஓட்டுகிறவர், திருவாதவூர்க்காரர். நாங்கள் பேசியதைக் கேட்டிருப்பார். கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, அத அவுத்து விட்டது நாந்தேன்" என்றார்.

எல்லாரும் திரும்பினோம். "கொம்புல மஞ்சத் தடவி, தனியாக் கட்டி, முன்னால அகத்தி வேற போட்டிருந்துச்சு. எங்கூருல சாமிக்கு நேந்துவிட்ட கெடா அப்படித்தேன் இருக்கும். நேந்துவிட்டத கயித்துல கட்டுனா சாமிக் குத்தமுல்ல? எந்தப் பாவி இப்படிக் கட்டிப்போட்டுப் போனான்னு, கன்னத்துல போட்டுக்கிட்டு அவுத்து விட்டேன். அது பாட்டுக்குப் பட்டிக்குள்ள போயிருச்சு. நல்லதுன்னு நெனச்சேன் ஐயா."

அந்தப் பாவி நான்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ராவுத்தர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, நீ சாமிக்குப் பயந்த, இந்தாளு வெயிலுக்குப் பாவம் பார்த்தான், நடுவுல நான் செத்தேன்!"

டாக்டர் மட்டும், "நாளைக்கு நாலாவது நாள். காய்ச்சல் ஏறுனா கண்டுபிடிச்சிடலாம். விடியக்காலம் வெளிச்சம் வந்ததும் ஆரம்பிப்போம். ஆடு ஒண்ணையும் விரட்டாம வைங்க" என்றார். ஆனால் கண்டுபிடித்தால் சர்டிபிகேட் தருவேன் என்று அவர் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன், ராவுத்தர் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கீழ்வானம் வெளுக்கும்போதே தொடங்கினோம். கொட்டகையில் இருந்த பொய்க் கிடாவையும் கொண்டுவந்து பட்டியில் சேர்த்தாகிவிட்டது. எங்களிடம் இருந்தது மூன்று தெர்மாமீட்டர். டாக்டர் ஒன்று, நான் ஒன்று, மூன்றாவதை ஒரு ஆட்டுக்கு மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவோம். ராவுத்தர் தானே வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆடுகளை ஒவ்வொன்றாக மடியில் அணைத்துப் பிடித்துக் கொடுத்தார். அதட்டினால் ஆட்டுக்குச் சூடு ஏறும் என்று சொன்னதால் ஒரு வார்த்தை சத்தமாகப் பேசவில்லை. "வாடா ராசா, வாடா" என்று பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரி கொஞ்சினார். அவருடைய முதலே அந்தப் பட்டிக்குள் நிற்கிறது, என்னால் நிற்கிறது, அவர் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

நூறு தாண்டியது. நூற்றைம்பது தாண்டியது. நூற்றி நாலு காட்டிய மூன்றை டாக்டர் தனியே நிழலில் நிறுத்தி, ஆறவிட்டு மறுபடி பார்த்தார். மூன்றும் இறங்கிவிட்டன. வெயில் வேலியைத் தொட ஆரம்பித்தது. இனி அரைமணிதான் நேரம். நூற்றுத் தொண்ணூற்று ஏழாவதோ எட்டாவதோ, ராவுத்தர் பிடித்துக் கொடுத்த கிடாவின் காது, கையில் பட்டதுமே சுட்டது. தெர்மாமீட்டரை எடுத்தேன். நூற்றி ஐந்தே முக்கால். டாக்டர் வாங்கிப் பார்த்தார். ஆறவிட்டுப் பார்த்தார். இறங்கவில்லை. தொடையில் மயிரை விலக்கினார், மிளகு அளவுக்கு ஒரு சின்ன வீக்கம். அதோடு நிறுத்தாமல் மீதி நாற்பதையும் பார்த்து முடித்துவிட்டுத்தான், "இதுதான்" என்றார்.

ராவுத்தர் மண்ணில் உட்கார்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று கையை முகத்தில் தடவிக்கொண்டார். "பேனாவ எடுங்க டாக்டரே. வேகன் ஸ்டேஷன்ல நிக்குது."

"முடியாது ராவுத்தரே. ரெண்டு நாள் இது ஒரே தொட்டியில வாய் வச்சிருக்கு. இன்னும் பத்து நாள் பாக்கணும்."

ராவுத்தர் எழுந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வேகன்கள் காலியாகப் போயின. அன்று மத்தியானம் அந்தக் கிடாவை வண்டியில் ஏற்றித் திருவாதவூர் போய், எண்பது மாட்டுக்கும் ஊசி போட்டோம். கருப்பணனின் காளைகளும் அதில் உண்டு. ஒரு மாடும் சாகவில்லை.

பத்து நாளும் டாக்டர் காலை மாலை பட்டிக்கு வந்தார். ஓர் ஆடும் சுணங்கவில்லை. சர்டிபிகேட் எழுதினார். லாட் போயிற்று, பெருநாள் முடிந்த பிறகு. கொழும்புக்காரர் வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொண்டு, அதோடு கணக்கை முறித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் சென்னையிலிருந்து மேலதிகாரி விசாரணைக்கு வந்தார். டாக்டர் எழுதிய ரிப்போர்ட்டை வாசித்தார். கிடா வெளியே கட்டப்பட்டது தன் மேற்பார்வைக் குறைவால்தான், பொறுப்பு தன்னுடையது என்று டாக்டர் எழுதியிருந்தார். நான் ஆடு மாற்றியது அதில் ஒரு வரிகூட இல்லை. கருப்பணனை விசாரித்தால், "அவுத்தவன் நான்" என்றார். ராவுத்தர் புகார் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர், "எம் பட்டிக் கதவத் தொறந்து போட்டது எம் ஆளுக, அதுல யாரையும் குத்தம் சொல்ல எனக்கு வாயில்ல" என்று முடித்துவிட்டார். அதிகாரிக்கு எரிச்சல். "குற்றவாளியத் தேடி வந்தா ஆளுக்கு ஆள் நான்தான் நான்தான்ங்கிறீங்க, என்னய்யா ஊர் இது?" என்றார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை, பேசு என்றும் இல்லை, பேசாதே என்றும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து, வேறு கிடாவுக்கு மஞ்சள் பூசிப் பூட்டியதையும் ஒரு நாள் பூராவும் மறைத்ததையும் சொன்னேன். எனக்கு ஒரு வருஷ இன்க்ரிமெண்ட் நிறுத்தம். வேலை தப்பியது. அதை ரிப்போர்ட்டில் எழுதாமல் விட்டதற்காக டாக்டருக்கு அந்த வருஷம் வரவேண்டிய உயர்வு வரவில்லை. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அவரைப் போல இன்னொருவரை நான் முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் பார்த்ததும் இல்லை.

விசாரணை முடிந்து எல்லாரும் கலைந்ததும் வாசலில் ராவுத்தரை மறித்தேன். "என்னால ஒங்க கொழும்பு ஏவாரமே போச்சுங்க. காலுல விழுறேன்" என்றேன்.

தோளைப் பிடித்து நிமிர்த்தினார். அவ்வளவு நாள் கழித்து அன்றுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார். "போச்சுதான். இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன், வயிறு எரியுது" என்றார். "ஆனா காம்பவுண்டரே, அங்கிட்டுக் கொழும்புப் பக்கத்துல எவனோ ஒருத்தன் இன்னிக்குக் காலைல எந்திரிச்சு, மாட்டப் பூட்டி, உழுதுக்கிட்டு இருப்பான்ல? அவன் மாடு ஏன் சாகலைன்னு அவனுக்குத் தெரியவே போறதில்ல. எனக்குத் தெரியும். அது போதும், போங்க."

சொல்லிவிட்டு, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிம்மக்கல் பக்கம் நடந்தார்.